ஆடிக் காற்றும் சயனைடு மேடும்

ஓர் ஊருக்கு ஆய்வுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்க் குடத்தின் மூடியை. சில ஊர்களில் குடம் திறந்தே கிடக்கும். சில ஊர்களில் ஒரு தட்டு போதும். கோலார் தங்கவயலில், சுரங்கக் கழிவு மேடுகளுக்குக் கிழக்கே தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், குடத்தின் மேல் தட்டு, தட்டின் மேல் ஈரத்துணி, துணியைக் குடத்தின் கழுத்தோடு இறுக்கிய ஒரு கயிறு. பெட்டியிலிருந்து கருவியை எடுக்கும் முன்பே அந்த முடிச்சு எனக்குப் பாதி சேதியைச் சொல்லிவிடும்.

அந்த முடிச்சு எனக்குச் சின்ன வயதிலேயே அறிமுகம். என் அத்தையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குச் சுரங்கத்தில் நிலத்தடி வேலை. பள்ளி விடுமுறை விட்டதும் காட்பாடியில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போகும் வண்டிக்கு மாறுவோம். ஊர் வருவதற்கு முன்பே மேடுகள் தெரியும். சாம்பல் கலந்த வெளுப்பு, மேலே சமதளம், பக்கங்களில் மழைநீர் அறுத்த பள்ளங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலை போலவே இருக்கும். அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் உட்கார்ந்து அந்தப் பள்ளங்களில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். அத்தை திட்டுவாள். சட்டை அழுக்காகிவிட்டதென்றுதான் திட்டுவாள். அந்த மண்ணைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூடிய சுரங்கங்கள் விட்டுப்போனவற்றால் சுற்றியிருப்பவர்களின் உடம்புக்கு என்ன வரும் என்று கணிப்பது பிறகு என் தொழிலாயிற்று. மண், தண்ணீர், காற்று மூன்றையும் எடுத்துச் சோதிப்பது அதில் சிறிய பங்குதான். கெடுதல் செய்யக்கூடிய பொருள் எங்கே இருக்கிறது, அது எந்த வழியாக நகர்கிறது, அந்த வழியின் முடிவில் யார் நிற்கிறார்கள் என்று மூன்று கேள்விகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். பொருள், பாதை, ஆள். மூன்றில் ஒன்று அறுந்தாலும் அபாயம் அறுந்துவிடும். ஆயிரம் டன் நஞ்சு ஆழத்தில் அசையாமல் கிடக்கலாம். ஒரு கைப்பிடித் தூசு தினமும் ஒருத்தியின் மூச்சுக்குள் போகலாம். எது பெரிது என்று எடை பார்த்துச் சொல்ல முடியாது.

தங்கவயலில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் அங்கே வந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தார்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடும்வரை 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தாயிற்று. ஒரு டன் பாறையில் கிராம் கணக்கில்தான் தங்கம் இருக்கும். அதை எடுக்க மொத்தப் பாறையையும் மாவாக அரைக்க வேண்டும். தங்கம் போய்விட்டது, மாவு ஊரிலேயே தங்கிவிட்டது. 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன், ஏறக்குறைய 1,000 ஏக்கர் பரப்பு.

அரைத்த மாவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கச் சோடியம் சயனைடு கலந்த தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் ஊரில் அந்த மேடுகளுக்குச் சைனைட் மேடு என்று பெயர். அந்தப் பெயரோடு நான் பல வருடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சயனைடு என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கும் நாக்கில் வைத்த மறுகணம் சாவு என்பதுதான் நினைவுக்கு வரும். லைன் வீடுகளில் எந்த நோயைப் பற்றிக் கேட்டாலும், "எல்லாம் அந்த சைனைட்டுதான் சார்" என்பார்கள். தோலில் அரிப்பு வந்தாலும் அதுதான், மாடு செத்தாலும் அதுதான், குழந்தையின் பல் பழுப்பாக இருந்தாலும் அதுதான். ஆனால் சயனைடு அப்படி நெடுநாள் காத்திருக்கும் பொருளில்லை. ஆலையில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை pH அளவில் பத்துக்கு மேல் வைத்திருப்பார்கள். அப்போதுதான் அது கரைசலில் நிற்கும். வெளியே கொட்டிய பிறகு மழையும் காற்றும் பட்டுக் காரம் குறையக் குறைய, அது வாயுவாகப் பிரிந்து காற்றோடு போய்விடும். மிச்சத்தை வெயிலும் நுண்ணுயிர்களும் உடைக்கும். இரும்போடு இறுகப் பிணைந்த பகுதி மட்டும் நீண்ட காலம் கிடக்கும். அதன் நச்சுத்தன்மை தனிச் சயனைடைவிட மிகக் குறைவு. ஆனாலும் வெயில் படும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியக்கூடியது என்பதால் அதையும் அளக்காமல் விடக்கூடாது.

தெரிந்ததைச் சொல்லிவிட்டு நகர்வது முறையில்லை. ஆகவே தண்ணீரைச் சோதித்தோம். சயனைடுக்கு எடுக்கும் தண்ணீர் கைக்குழந்தை மாதிரி. வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது. பழுப்பு நிறக் குப்பியில் பிடித்து, அங்கேயே காஸ்டிக் சோடா போட்டுக் காரத்தைப் பன்னிரண்டுக்கு மேல் ஏற்றி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் இருந்ததும் பறந்துபோகும். "இல்லை" என்று ஒரு பொய்யான தாள் வரும். ஆர்செனிக், ஈயம் முதலியவற்றுக்கு நேர்மாறு. தண்ணீரை அங்கேயே வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட வேண்டும். தவறிப்போய் இரண்டையும் ஒரே குப்பியில் எடுத்து, மேலே அமிலத்தை ஊற்றினால் அந்தக் குப்பியே ஆளைத் தாக்கும் வாயுவைக் கக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்வது இதைத்தான். இரண்டு குப்பி, இரண்டு பெட்டி, முடிந்தால் இரண்டு ஆள்.

நாங்கள் எடுத்த போர்வெல் தண்ணீர் எதிலும் சயனைடு குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தொடவில்லை. சிலவற்றில் ஃபுளோரைடுதான் வரம்பைத் தாண்டியிருந்தது. அதற்கும் சுரங்கத்துக்கும் தொடர்பில்லை. கோலார் மாவட்டத்தின் கருங்கல் பாறைகளில் ஆழமாகத் துளை போடப் போட ஃபுளோரைடு ஏறும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேலுள்ள தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும். மேடே இல்லாத கிராமங்களிலும் அந்தப் பல்லைப் பார்க்கலாம்.

இதை ஒரு லைனில் எடுத்துச் சொன்னபோது கூட்டத்தின் முகம் மாறியது. "அப்போ மேட்டுல ஒண்ணும் இல்லேன்றீங்களா?" என்று ஒரு பெரியவர் எழுந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. சயனைடு என்ற பெயரைப் பறித்துவிட்டால் அவர்களுடைய குறையைச் சொல்ல வேறு சொல்லே அவர்களிடம் இருக்காது. அந்தச் சொல்லை நான் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதற்கு முன் நானே அதை அளந்திருக்க வேண்டும். அங்கேதான் பெரிய தவறு செய்திருந்தேன்.

முதல் ஆய்வுக்கு நாங்கள் போனது நவம்பரில். பணம் எப்போது வருகிறதோ அப்போதுதான் ஆய்வு. அந்த வருடம் பணம் அக்டோபரில் வந்தது. பள்ளிக்கூட மொட்டைமாடியில் காற்று உறிஞ்சும் இயந்திரத்தை வைத்தோம். பத்து நாள் ஓடியது. 24 மணி நேரத்துக்கு ஒரு வடிதாள். எடை போட்டுப் பார்த்தால் எல்லாம் வரம்புக்குள். இந்தியாவின் 2009ஆம் ஆண்டு விதிப்படி பத்து மைக்ரானுக்கு உட்பட்ட தூசு ஒரு நாள் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அதற்குள்தான் இருந்தது. அறிக்கையில் அப்படியே எழுதினேன். அந்தப் பத்து நாளுக்கு அது உண்மை.

சுரங்கத்தில் 30 வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர் அந்த அறிக்கையைப் பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "மழை பேஞ்சு மண்ணு அடங்கின பிற்பாடு வந்து தூசி அளக்கறியே தம்பி. ஆனி ஆடியில வந்து பாரு. மேடு எழுந்து நடக்கும்."

அந்த வாக்கியத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அத்தை வீட்டில் ஒவ்வொரு வருடமும் அந்தக் காற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். படிப்பும் கருவியும் கைக்கு வந்த பிறகு, எந்த மாதத்தில் அளக்க வேண்டும் என்ற எளிய விஷயத்தை என் உடம்பிடம் கேட்கவே இல்லை.

மறு வருடம் ஆடியில் போனோம். மழை பெய்தால் மேட்டின் மேல் மண் ஏடு கட்டும். பால் மேல் ஆடை படிவது போல. அந்த ஏடு இருக்கும்வரை காற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வெயிலில் அது காய்ந்து வெடிக்கும். ஆடு மேயும் குளம்பு உடைக்கும். சறுக்கும் பிள்ளைகளும், பைக் ஓட்டும் இளைஞர்களும், படப்பிடிப்புக்கு வரும் வண்டிகளும் உடைப்பார்கள். உடைந்த இடத்திலிருந்து பருமணல் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு மணலும் தன்னைவிட நூறில் ஒரு பங்கு சிறிய தூளைத் தட்டி எழுப்பும். பருமணல் மேட்டின் அடியிலேயே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூள் மட்டும் மேல்காற்றோடு கிழக்கே போகும். தங்கவயலின் மேடுகள் வடக்குத் தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. தென்மேற்குப் பருவத்தின் காற்று அந்த வரிசையைக் குறுக்கே வெட்டும். கிழக்கே இருக்கும் வீடுகளில் சோற்றில் நறநறவென்று கடிபடுவது அதனால்தான்.

இந்த முறை மொட்டைமாடியை விட்டுக் கீழே வந்தோம். மாடியில் வைத்த இயந்திரம் மாடிக் காற்றைத்தான் சொல்லும். தவழும் பிள்ளையின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. வாசல் பெருக்குகிறவளின் மூக்கு குனிந்த நிலையில் இடுப்பு உயரத்தில். ஒரு சின்ன பம்பை இடுப்பில் கட்டி, குழாயைத் தோள்பட்டைக்குக் கொண்டுவந்து, சட்டைக் காலரில் ஒரு குமிழைக் குத்திவைப்போம். நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று அதில் சுழன்று போகும். சுழற்சியில் பெரிய தூசு கீழே விழுந்துவிடும். நுரையீரலின் அடிவரை போகக்கூடிய தூசு மட்டும் வடிதாளில் தங்கும். அந்தத் தாளை எக்ஸ்ரே கதிர் விலகல் கருவியில் வைத்தால் அதில் எவ்வளவு குவார்ட்ஸ் என்று தெரியும். நாள் முழுக்கப் பம்பு விர்ரென்று சத்தம் போடும். அதைக் கட்டிக்கொண்டே சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து, பெருக்கிய அந்தப் பெண்களுக்கு நான் பட்ட கடன் பெரிது.

குவார்ட்ஸ் என்றால் படிகச் சிலிக்கா. தங்கவயலின் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள்தான் ஓடியது. ஆகவே மேட்டில் கிடப்பதில் பெரும்பங்கு அதுதான். சிலிக்காத் தூள் நுரையீரலின் கடைசி அறைவரை போனால், அதைத் தின்று அழிக்க வரும் காவல் செல் தானே செத்துவிடும். அடுத்தது வரும், அதுவும் சாகும். அந்தச் சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகும். அதுதான் சிலிகோசிஸ். பல வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு உட்கார்ந்தாலும் வாங்கும். தழும்பைத் திருப்பி இளக்க மருந்தில்லை. அப்படிப்பட்ட நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். இந்தியாவில் இந்த நோய் பெரிய அளவில் முதலில் பதிவானதே தங்கவயலில்தான். 1940களில் அங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் அது இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் வந்தவர்கள் எல்லாரும் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்கள். மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சட்டத்திலும் அவர்கள் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டின் வெளிக்காற்றுத் தர விதியில் 12 பொருள்களுக்கு வரம்பு உண்டு. சிலிக்கா அதில் இல்லை. தூசின் எடை உண்டு. அது என்ன தூசு என்ற கேள்வி கிடையாது. கலிபோர்னியாவில் 2005இல் ஒரு வரம்பு வைத்தார்கள்: வருடம் முழுக்கச் சுவாசிக்கும் காற்றில், நுரையீரலின் ஆழம்வரை போகும் சிலிக்கா கன மீட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் உடம்பு தாங்கும் என்று. நம் விதிப்படி பத்து மைக்ரானுக்கு உட்பட்ட தூசின் வருடச் சராசரி 60 வரை போகலாம். அந்த அறுபதில் பத்தில் ஒரு பங்கு அப்படிப்பட்ட சிலிக்காவாக இருந்தாலே 6 ஆகிவிடுகிறது, அந்த வரம்பைப் போல இருமடங்கு. அதாவது தூசின் எடைப்படி தேர்ச்சி பெற்ற ஊரே சிலிக்கா கணக்கில் தோற்றுப்போகலாம். வேறு எந்த மணலும் இல்லாத இடத்தில், அரைத்த குவார்ட்ஸ் மேட்டுக்குக் கீழ்க்காற்றில் நின்றுகொண்டு, "மொத்தத் தூசு வரம்புக்குள்" என்று எழுதுவது மக்களுக்குச் செய்யும் அநீதி. நான் ஒரு முறை எழுதிவிட்டேன். அதன் பிறகு எழுதியதில்லை.

சராசரியும் அப்படித்தான் ஏமாற்றும். ஆடி மாதத்தில் மதியம் இருபது நிமிடம் காற்று சுழன்றடிக்கும். எதிர்வீடு தெரியாது. பிறகு அடங்கிவிடும். அந்த இருபது நிமிடத்தை இருபத்துநான்கு மணி நேரத்தோடு கலந்து பரப்பினால் தாளில் மெலிந்த எண்தான் நிற்கும். அந்த நேரத்தில் வெளியே நின்றது யார், அதன் பிறகு வீட்டுக்குள் படிந்ததை உலர்ந்த விளக்குமாற்றால் திரும்பக் கிளப்பியது யார் என்பது தாளில் வராது. அதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திண்ணையில் கேட்கும்போது தலையணை உறைக்குள்ளிருந்து எக்ஸ்ரே தாள்கள் வெளியே வரும். இருபது வருடத்துத் தாள்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் பூஞ்சை படிந்து. எங்கள் குழுவின் மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஆண்களுடையதைப் படிப்பது சிரமமில்லை. பாறை குடைந்தவர், வெடி வைத்தவர், அரவை ஆலையில் நின்றவர் என்று வேலையைக் கேட்டாலே தழும்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பெண்களுடையதில்தான் எங்கள் அறிவு தடுமாறியது.

என் அத்தையையே எடுத்துக்கொள்கிறேன். அவள் ஒரு நாளும் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறியதில்லை. கடைசிப் பத்து வருடம் இருமினாள். காசநோய் என்று இரண்டு முறை மருந்து சாப்பிட்டாள். அவள் நுரையீரலுக்கு மூன்று வழியில் தூசு போயிருக்கலாம். மேட்டிலிருந்து காற்றோடு வந்தது ஒன்று. மாமா வேலை முடிந்து வந்து கழற்றிப்போட்ட சட்டையை உதறித் துவைத்தாளே, அதிலிருந்து வந்தது ஒன்று. விறகடுப்புப் புகை மூன்றாவது. எது எவ்வளவு? மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், தொலைவில் இருப்பவர்கள். கணவன் நிலத்தடி வேலை பார்த்தவர்கள், பார்க்காதவர்கள். விறகில் சமைத்தவர்கள், கேஸில் சமைத்தவர்கள் என்று பிரித்துப் பிரித்து நூற்றுக்கணக்கான பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும். ஒரு தனிப் பெண்ணுக்கு அந்தப் பதிலைச் சொல்லவே முடியாது. அத்தை ஒரு முறை கேட்டாள், "எனக்கு எதனால கண்ணு வந்துது?" என்று. நான் படித்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றில் எதுவாக இருந்தாலும் சுரங்கத்தோடு வாழ்ந்ததால் வந்ததுதான் அத்தை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

மண்ணில் ஆர்செனிக்கையும் பார்த்தோம். தங்கவயலின் சில பாறைப் பட்டைகளில் ஆர்செனிக் கலந்த கந்தகத் தாது உண்டு. பழைய காலத்தில் பாதரசத்தால் தங்கம் பிரித்த ஆலைத் தரைகளில் பாதரசம் தங்கியிருக்க வாய்ப்புண்டு. அங்கே தனியாகக் கட்டம் போட்டு மண் எடுத்தோம். மண்ணிலுள்ள உலோகத்துக்கு முக்கியமான பாதை குழந்தையின் கை. விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவது எங்கள் வழக்கம். ஒரு சிட்டிகைகூட இல்லை. சாம்பியாவில் கப்வே என்ற ஊரில் 1994இல் மூடிய ஈயச் சுரங்கத்தின் மண்ணால் தலைமுறைக் கணக்கில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறிக்கிடப்பது அந்தச் சிட்டிகையால்தான். தங்கவயலைக் கப்வேயோடு ஒப்பிடக்கூடாது, தாது வேறு. ஆனால் பாதை ஒன்று என்பதால், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று வரைபடத்தில் குறிக்காமல் நான் மண் எடுக்க இறங்குவதில்லை. அந்த வரைபடத்தைப் பிள்ளைகளையே போடச் சொல்வேன். பெரியவர்கள் போட்டால் மைதானத்தைக் காட்டுவார்கள். பிள்ளைகள் மேட்டுச் சரிவைக் காட்டுவார்கள்.

முடிவைச் சொல்லும் நாள்தான் இந்தத் தொழிலில் மிகவும் கனமான நாள். ஒரு அதிகாரி, "அபாயம் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். அவருக்குக் கோப்பை மூட ஒரு வார்த்தை வேண்டும். நான் நான்கு வாக்கியம் சொன்னேன். குடிநீரில் சயனைடால் இப்போது கெடுதல் இல்லை. சில போர்வெல்களில் ஃபுளோரைடு இருக்கிறது, அதற்கு வேறு தண்ணீர் தர வேண்டும். மேடுகளுக்குக் கிழக்கே காற்றுக் காலத்தில் சிலிக்கா கவலைப்படும் அளவில் இருக்கிறது. பெருக்கும் பெண்களும் சரிவில் விளையாடும் பிள்ளைகளும் அதை அதிகமாகச் சுவாசிக்கிறார்கள். அவர் நான்கையும் எழுதிக்கொள்ளவில்லை. லைன் கூட்டத்தில் அதே நான்கைச் சொன்னபோது ஒரு பாட்டி, "அப்போ வெஷம் தண்ணியில இல்ல, காத்துல கீது" என்று பக்கத்திலிருந்தவளுக்கு விளக்கினாள். நான் எழுதிய எந்த அறிக்கையும் அத்தனை தெளிவாக இருந்ததில்லை.

காற்றில் இருப்பதைத் தடுக்க வழி உண்டு. மேட்டின் மேல் நல்ல செம்மண்ணைக் கனமாகப் பரப்பி, கம்போஸ்ட் கலந்து, வேர் பிடிக்கும் புல்லை முதலில் வளர்க்க வேண்டும்; மரம் பிறகு. அரைத்த குவார்ட்ஸில் செடிக்கான ஊட்டச்சத்து இல்லை. நேரே அதில் கன்று நட்டால், நட்ட படத்தை எடுத்து முடிப்பதற்குள் வாடிவிடும். சரிவுகளைத் தணித்து, மழைநீர் ஓடிப் பள்ளம் பறிக்காமல் வாய்க்கால் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பரப்பிய மண் முதல் மழையிலேயே கீழே வந்து சேரும். மேட்டில் ஏறும் வழிகளை அடைத்து ஏடு உடையாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு மருந்துதான், அதுவும் செலவில்லாத மருந்து. வீட்டுக்குள் உலர்ந்த விளக்குமாற்றை விட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறோம். ஆனால் இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள் வரும் வீட்டில் துடைப்பதற்கு ஒரு வாளியைச் செலவழி என்று சொல்ல யாருக்கு உரிமை?

இப்போது வேறொரு காற்று அடிக்கிறது. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைத் திரும்ப எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊரில் பலருக்கு அதில் சந்தோஷம். விடிகாலை ரயிலில் பெங்களூரு போய் இரவு திரும்பும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும் என்றால் நான் எப்படி வேண்டாம் என்பேன்? முறையாகச் செய்தால் மேடே இல்லாமல் போகும். அதைவிட நல்ல சிகிச்சை வேறில்லை. ஆனால் இத்தனை வருடம் ஏடு கட்டிக் கிடந்ததை இயந்திரம் வைத்துத் தோண்டும்போது முதலில் கிளம்புவது அந்தத் தூள்தான். திரும்ப அரைத்தால் அது இன்னும் மெல்லிசாகும். புதிதாக உடைந்த சிலிக்காவின் முகம் பழையதைவிட வீரியமானது, நுரையீரலுக்குக் கூடுதல் கொடியது. ஆகவே கேட்கும் எல்லாரிடமும் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் இயந்திரம் மேட்டில் ஏறுவதற்கு முன், ஒரு முழு வருடம், ஆடியும் உட்பட, கிழக்கு லைன்களின் காற்றில் சிலிக்காவை அளந்து வையுங்கள். சுரங்கத்தில் ஒருநாளும் இறங்காத பெண்களின் எக்ஸ்ரேயை எடுத்து வையுங்கள். பின்னால் கூடியதா குறைந்ததா என்று பார்க்க ஒரு தொடக்கம் வேண்டும். வேலை ஆரம்பித்த பிறகு எடுத்தால் அது தொடக்கமாகாது.

கடைசியாகப் போனது சென்ற ஆடியில். பணம் யாரும் தரவில்லை. கையிலிருந்த இரண்டு பம்புகளை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை வீட்டில் இப்போது வேறு குடும்பம். அந்த வீட்டு மருமகள் பம்பைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டாள். காலை ஆறரைக்குக் கட்டினேன். வாசல் பெருக்கினாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், குடத்துத் துணியை அவிழ்த்து உதறி நனைத்துத் திரும்பக் கட்டினாள். உதறும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதினேன். மாலையில் பம்பைக் கழற்றி, வடிதாளை மூடிபோட்டு ஒட்டி, எண் எழுதினேன்.

"எப்போ சார் தெரியும்?" என்றாள்.

"மூணு வாரத்துல."

சுவரிலிருந்த நாள்காட்டியைப் புரட்டி, மூன்று வாரம் எண்ணி, பேனாவால் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அந்தத் தேதியில் நான் தாளை எடுத்துக்கொண்டு நேரே போய்ச் சொன்னேன்.